வாத்து வழியாகவும் வந்திருக்கலாம்

தர்மபுரியில், தொழிற்சாலைக் கழிவுகளைக் கண்காணிக்கும் அரசு அலுவலகம் ஒன்றில் நான் கள உதவியாளராக இருக்கிறேன். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகும் இடத்தில் நின்று பாட்டிலில் தண்ணீர் பிடிப்பதுதான் என் வேலை. பதினோரு வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஜவ்வரிசி ஆலைக் குட்டை எது, கோழிப்பண்ணைப் பள்ளம் எது என்று கண்ணை மூடிக்கொண்டு வாசனையை வைத்தே சொல்லிவிடுவேன். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடம் என் கணவர் இதைப் பெருமையாகச் சொல்வார். அதற்குப் பிறகு என் கையால் காபி வாங்கிக் குடிக்க அவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

இந்த வேலையில் நான் செய்த தவறுகளிலேயே பெரியதில் ஆறு வாத்துகளுக்குப் பங்கு உண்டு. ஆனால் முழுப் பழியையும் அவற்றின் மேல் போட முடியாது.

பாலக்கோட்டுப் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலை இருக்கிறது. சீசனில் லாரி லாரியாகப் பழம் வரும். பழம் கழுவிய தண்ணீர், இயந்திரம் கழுவிய தண்ணீர், தோலும் நாரும் ஊறிய தண்ணீர் எல்லாம் ஆலைக்குப் பின்னால் இருக்கும் பெரிய குட்டைக்குப் போய்ச் சேரும். தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடாமல் குட்டையின் அடியில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருக்க வேண்டும் என்பது விதி. போட்டிருந்தார்கள். அது கிழியாமல் இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. மேலே எட்டடிக்குப் பழுப்புத் தண்ணீர் நிற்கும்போது அடியில் என்ன நடக்கிறது என்று யார் பார்ப்பது?

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு அக்காவின் தோட்டம். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பீன்ஸ், தக்காளி, கொஞ்சம் சாமந்தி போட்டிருந்தார். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், மாட்டைத் திட்டும்போது மட்டும் கன்னடம். திங்கட்கிழமை மனு நாளில், தன் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கு வந்தார். மனுவைப் படிக்க ஆரம்பித்த அதிகாரியிடம், படிப்பது இருக்கட்டும், முதலில் மோந்து பாருங்கள் என்று மூடியைத் திறந்து நீட்டியிருக்கிறார். அந்த மனு அன்று மதியமே எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. அவ்வளவு வேகமாக ஒரு மனு நகர்ந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் எங்கள் பொறியாளரும் நானும் ஜீப்பில் போனோம். பொறியாளருக்கு ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. அவர் சிரித்து நான் பார்த்ததே கிடையாது. வாயைத் திறந்தால் கோப்பில் எழுதுகிற மாதிரியே பேசுவார். மதியச் சாப்பாட்டில் சாம்பார் கரித்தால், உப்பு அனுமதிக்கப்பட்ட அளவைவிடக் கூடுதலாக இருக்கிறது என்பார்.

ஆலையின் மேனேஜர் எங்களை வாசலுக்கே வந்து வரவேற்றார். சேலத்துக்காரர், மரியாதை தெரிந்தவர். நேராகக் குட்டைக்கு அழைத்துக்கொண்டு போய்க் கையை நீட்டிக் காட்டினார்.

"பாருங்க சார், வாத்தே நீந்துது. தண்ணி கெட்டுப்போயிருந்தா அதுங்க எறங்குமாங்க?"

ஆறு வெள்ளை வாத்துகள் கரையில், குட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றிருந்தன. அவற்றுக்குப் பின்னால் ஒரு தொழிலாளி மூங்கில் கழியோடு நின்றார். மேனேஜர் கண்ணைக் காட்டியதும் அவர் கழியை வீசினார். வாத்துகள் வேண்டாவெறுப்பாக இறங்கி, ஒரு சுற்று சுற்றிவிட்டு, மறுகரையில் ஏறி உடம்பை உதறின. வேறு ஏதோ ஆலையில் வாத்து விட்டு அதிகாரிகளைச் சமாளித்தார்கள் என்று கேள்விப்பட்டு, இவர் சந்தையிலிருந்து வாங்கி வந்திருக்கிறார். பொறியாளர் தன் நோட்டில் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். "ஆய்வின்போது வாத்துகள் பெரும்பாலும் கரையில் இருந்தன" என்றிருந்தது.

அங்கிருந்து வேலியைச் சுற்றிக்கொண்டு அக்காவின் தோட்டத்துக்குப் போனோம். நாற்பது அடி ஆழத்தில் சதுரக் கிணறு. உட்சுவரில் கல் பலகைகளைச் செருகிப் படியாக விட்டிருந்தார்கள், பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. கிணற்று மேட்டில் ஒரு சிமென்ட் தொட்டி. மோட்டார் போட்டால் தண்ணீர் அந்தத் தொட்டியில் விழுந்து வாய்க்காலில் ஓடும். வாய்க்கால் ஓரத்து மண் வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது. பீன்ஸ் இலைகளின் ஓரமெல்லாம் கருகியிருந்தது.

"கெணத்துல மாம்பழ வாசம் வருதுங்க. மொத நாலு நாளு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் அக்கா. "அப்பறம் அழுகிப்போச்சு."

அவருக்கு இன்னொரு புகாரும் இருந்தது. அந்த வாத்துகள் வேலிச் சந்தில் நுழைந்து வந்து கீரைப் பாத்தியைத் தின்றுவிட்டுப் போகின்றன என்றார். அதையும் எழுதி வாங்கிக்கொண்டோம். இரண்டு புகாரும் ஒரே கோப்பில் சேர்ந்ததால், எங்கள் அலுவலகத்தில் அதற்கு வாத்து ஃபைல் என்றே பெயர் ஆகிவிட்டது. மேசைக்கு மேசை போகும்போது எல்லோரும் அப்படித்தான் கேட்டு வாங்கினார்கள்.

கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது என்று ஆய்வகம் சொன்னது. மேனேஜர் அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்குத் தோட்டத்தில் போட்ட உரம் காரணமாக இருக்கலாம், மாட்டுத்தொழுவம் காரணமாக இருக்கலாம், எங்கள் குட்டைதான் காரணம் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று பணிவாகப் பதில் எழுதினார். நியாயமான கேள்விதான். அதற்குத்தான் பொறியாளர் சாயச் சோதனை செய்யலாம் என்றார். குட்டையில் சாயத்தைக் கலக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் அதே சாயம் வந்தால் குட்டை ஒழுகுகிறது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாத அளவு வந்தால்கூட, இருட்டில் ஊதா விளக்கைக் காட்டினால் பச்சையாக ஒளிரும். சோதனை முடியும்வரை கிணற்றுத் தண்ணீரை யாரும் குடிக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னோம். அதைக் குடித்து எத்தனையோ நாள் ஆயிற்று என்றார் அவர்.

சாயம் தூளாக இருந்தபோது செங்கல் நிறம். தண்ணீர் பட்டால்தான் பச்சை. இதைப் பொறியாளர்தான் எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு டப்பாவைக் காற்றுக்கு எதிராகத் திறந்தார். கொஞ்சம் தூள் பறந்து அவர் மீசையில் படிந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. வெயிலில் நின்று கலக்கக் கலக்க வேர்த்தது, வேர்க்க வேர்க்க மீசை பச்சையாகிக்கொண்டே வந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று நான் தயங்கிக்கொண்டிருக்கும்போதே பாலக்கோட்டில் ஓட்டலுக்கு வந்துவிட்டோம். சாப்பாடு பரிமாறியவர் எங்கள் மேசையைப் பார்க்காமலே எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் போனார். பொறியாளர் கை கழுவப் போனவர் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து, சாயம் நல்ல தரமானதுதான் என்று மட்டும் சொன்னார்.

அதற்கு ஆறு நாள் கழித்து மாதிரி எடுக்க நான் மட்டும் போனேன். கயிற்றில் பாட்டிலைக் கட்டிக் கிணற்றில் இறக்கினேன். அது கல் படியில் மோதி உடைந்தது. இறக்கும் பாட்டில் வேறு இல்லை, மிச்சமிருந்த ஒரே மாதிரிப் புட்டியையும் இறக்கி உடைக்க முடியாது. படி வழியாக இறங்கித் தண்ணீர் எடுக்கலாம். எட்டிப் பார்த்தேன். பார்த்த வேகத்திலேயே இரண்டடி பின்னால் வந்துவிட்டேன். பக்கத்துத் தொட்டியில் தண்ணீர் இருந்தது. இதே கிணற்றுத் தண்ணீர்தானே என்று சொல்லிக்கொண்டு, மாதிரிப் புட்டியைத் தொட்டியில் முக்கி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். புட்டியில் ஒட்டும் சீட்டில் கிணறு என்றே எழுதினேன்.

எங்கள் அலுவலகத்தில் நல்ல இருட்டு கிடைப்பது பழைய கோப்புகள் வைத்திருக்கும் அறையில்தான். கதவைச் சாத்திவிட்டு விளக்கைக் காட்டியதும் புட்டி பளிச்சென்று பச்சையாக எரிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பொறியாளர் அன்றே ஆலைக்கு நோட்டீஸ் தயார் செய்தார். இவ்வளவு தெளிவான முடிவைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்றார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த நோட்டீஸின் மேல் விசாரணையை நடத்தியவர் ஒரு பெண் அதிகாரி. கறாரானவர். ஒரு பக்கம் மேனேஜர், ஒரு பக்கம் அக்கா, நடுவில் நாங்கள். பொறியாளர் அறிக்கையை வாசித்து முடிக்கும்வரை மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்து தன் ஃபோனை அதிகாரியின் முன்னால் வைத்தார். அதிகாரி படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். இன்னும் பெரிதாக்கினார்.

"இது வாத்தா?"

"ஆமாங்க மேடம்."

"ஏன் பச்சையா இருக்கு?"

"குட்டையில சாயம் கலக்குனாங்கல்லங்க மேடம், அதுல எறங்குச்சுங்க. அங்கிருந்து நேரா அவங்க தொட்டிக்குப் போயிடுச்சுங்க. படத்துல இருக்கறது அந்தத் தொட்டிதான். சாயம் மண்ணு வழியாத்தான் வந்துச்சுன்னு எப்படிச் சொல்றது? வாத்து வழியாவும் வந்திருக்கலாமே."

படத்தில் ஆறும் இருந்தன. இளம்பச்சை நிறத்தில், தொட்டி நிறைய, ரொம்ப சந்தோஷமாக. சாயம் கலக்கிய அன்றைக்குக்கூட யாரோ அவற்றைக் குட்டைக்குள் விரட்டியிருக்கிறார்கள். நல்ல தண்ணீர் தேடி அவை வேலி தாண்டியிருக்கின்றன. அதிகாரி என் பக்கம் திரும்பி, மாதிரியைக் கிணற்றில் எடுத்தீர்களா, தொட்டியில் எடுத்தீர்களா என்று கேட்டார். பொய் சொல்ல ஒரு நொடி நினைத்தேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். தொட்டியில் என்றேன். பொறியாளர் தன் அறிக்கையை மெதுவாக மூடினார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் மேசையின் அடியில் போய் உட்கார்ந்திருக்கலாம்.

மறு சோதனைக்கு உத்தரவானது. கிணற்றை வலை போட்டு மூட வேண்டும். மாதிரியைக் கிணற்றின் அடியில், ஆலைப் பக்கத்துச் சுவரில் தண்ணீர் கசியும் ஊற்றிலிருந்தே எடுக்க வேண்டும். பழைய பச்சையோடு குழம்பாமல் இருக்க இந்த முறை சிவப்புச் சாயம். சோதனை முடியும்வரை வாத்துகள் இரு தரப்புக்கும் பொதுவான ஓரிடத்தில் அடைக்கப்பட வேண்டும்.

வெளியே வந்ததும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கெணத்துல எறங்கப் பயமா இருந்தா என்கிட்ட சொல்லியிருக்கலாமில்லீங்க. நானு எறங்கியிருப்பேன்."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பொதுவான இடம் என்பது கடைசியில் எங்கள் அலுவலகம்தான் என்று ஆனது. மேனேஜர் வசம் விட முடியாது, அக்கா வசமும் விட முடியாது. ஒரு சரக்கு ஆட்டோவில் ஆறு பச்சை வாத்துகளும் வந்து இறங்கின. பொறியாளர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். ஜீப் ஷெட்டில் கம்பி வலை கட்டி அடைத்தோம். வேறு வேலையாக வந்தவர்கள் ஷெட்டைப் பார்த்துவிட்டு, இது என்ன ஜாதி வாத்து, எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

பொறியாளர் தினமும் காலையில் ஒரு தாளில் குறிப்பு எழுதினார். "வாத்துகள் ஆறு. நலம்." அவ்வளவுதான் குறிப்பு. அவை முட்டையிட ஆரம்பித்தபோதுதான் சிக்கல் வந்தது. வாத்து நம் காவலில் இருந்தாலும் முட்டை யாருடையது என்று அவருக்குத் தெளிவில்லை. மேனேஜருக்குக் கடிதம் எழுதிவிட்டு, பதில் வரும்வரை முட்டைகளில் தேதி எழுதி மாதிரிகள் வைக்கும் குளிர்பெட்டியில் வைத்தார். ஒரு நாள் ஆய்வகத்திலிருந்து ஃபோன் வந்தது. இன்றைக்கு அனுப்பிய பெட்டியில் தண்ணீர்ப் புட்டிகளோடு இரண்டு முட்டை இருக்கிறதே, அதில் என்ன பரிசோதிக்க வேண்டும் என்று கேட்டார்கள். எதுவும் வேண்டாம் என்றேன். உடையாமல் திருப்பி அனுப்பச் சொல்லி பொறியாளர் பின்னாலிருந்து சொன்னார். பத்திரமாகப் பஞ்சு சுற்றி வந்து சேர்ந்தன.

சிவப்புச் சாயம் கலக்கியதிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் நான் கிணற்றில் இறங்கினேன். இறங்கினேன் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் படபடவென்று இறங்குவார். நான் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, அடுத்த படி தட்டுப்படுகிறதா என்று துழாவி, அதில் நகர்ந்து உட்காருவேன். இடது கால், இன்னும் கொஞ்சம், அங்கேதான் என்று அவர் கீழேயிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார். முதல் நாள் பாதிக் கிணற்றில் அழுகை வந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காத மாதிரி பீன்ஸ் விலையைப் பற்றிப் பேசினார். மூன்றாம் முறை இறங்கும்போது என் சுடிதாரின் பின்பக்கம் கிழிந்தது. வீட்டில் கேட்டபோது பணி நிமித்தம் என்றேன். பொறியாளரோடு இருந்து இருந்து எனக்கும் அந்தப் பேச்சு வந்துவிட்டது.

ஐந்து முறை இறங்கியும் ஊற்று வெறும் தண்ணீராகத்தான் வந்தது. எனக்குச் சந்தேகம் வர ஆரம்பித்தது. ஒருவேளை முதல் முறை வந்தது வாத்துச் சாயம்தானோ, குட்டை ஒழுகவே இல்லையோ, இந்த அக்காவின் தண்ணீர் வேறு எதனாலோ கெட்டதோ என்று. அக்காவுக்கும் அப்படித் தோன்றியிருக்க வேண்டும். ஏறும்போது, இன்னும் எத்தனை தடவை இறங்க வேண்டியிருக்கும் என்று கேட்டார்.

பன்னிரண்டாம் நாள் நான் இன்னும் நடுப்படியில் உட்கார்ந்திருக்கும்போதே கீழேயிருந்து அவர் குரல் வந்தது.

"ரோஸ் கலரா இருக்குதுங்க."

மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடி சொன்னார். மிச்சப் படிகளை எப்படி இறங்கினேன் என்று எனக்கு நினைவில்லை. ஆலைப் பக்கத்துச் சுவரில், இரண்டு கல்லுக்கு நடுவிலிருந்து மெல்லிய நூலாக இறங்கிய தண்ணீர் லேசான ரோஜா நிறத்தில் இருந்தது. அதைப் புட்டியில் பிடித்து மூடினேன். தன் கிணற்றுக்குள் ஆலைத் தண்ணீர் வருவது நிச்சயமாகிவிட்டது என்பதற்கு ஒரு மனுஷி சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

இந்த முறை புட்டியை எல்லோர் கண் முன்னாலும்தான் சோதிக்க வேண்டும் என்று அதிகாரி சொல்லிவிட்டார். அதனால் மறுநாள் எங்கள் கோப்பு அறையில் ஐந்து பேர் நுழைந்தோம். இரண்டு பேர் நிற்கிற இடம். அதிகாரி ஒரு பீரோவுக்கும் மேனேஜருக்கும் நடுவில் நின்றார். அக்காவின் முழங்கை என் விலாவில் இருந்தது. கதவைச் சாத்தினோம். யாருக்கோ தும்மல் வந்து அடங்கியது. பொறியாளர் விளக்கைப் போட்டார். புட்டி ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது, சிவப்புச் சாயம் அந்த விளக்கில் அப்படித்தான் தெரியும். அதற்கு மேலே, எத்தனையோ முறை கழுவியும் போகாத பச்சை இன்னும் கொஞ்சம் ஒளிர்ந்தது. அது பொறியாளரின் மீசை.

"வாத்துங்க எங்க இருந்துச்சு?" என்று இருட்டில் அதிகாரியின் குரல் கேட்டது.

பொறியாளர் தாளை எடுத்து, அந்த விளக்கு வெளிச்சத்திலேயே ஒவ்வொரு நாளாக வாசித்தார். ஆறு, நலம். ஆறு, நலம். ஏழாம் நாள் வந்ததும் ஒரு நொடி நிறுத்தி, ஐந்து, ஒன்று தேடப்படுகிறது என்றார். எட்டாம் நாள் மறுபடியும் ஆறு, நலம்.

மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அந்த ஏழாம் நாள் அது எங்கே போயிருந்தது என்று கேட்டார். இங்கேயே, அலுவலக ஜெனரேட்டர் அறையில் சாக்கின் மேல் படுத்திருந்தது என்று பொறியாளர் சொன்னார். அதிகாரி மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"தர்மபுரியிலிருந்து பாலக்கோட்டுக்குப் போயி, வலைக்குள்ள பூந்து, நாப்பது அடி எறங்கி, சொவத்துக்குள்ள சாயத்தை வச்சிட்டு ஒரே நாள்ல திரும்பி வந்துச்சுன்னு சொல்ல வர்றீங்களா?"

"இல்லீங்க மேடம்" என்றார் மேனேஜர்.

அவர் கெட்ட மனிதர் இல்லை என்று எனக்கு அப்போதும் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. அதற்குப் பிறகு அவர் எதையும் மறுக்கவில்லை. உத்தரவுப்படி குட்டையைக் காலி செய்தார்கள். சேறு வாரியபோது, பம்பு வைத்திருந்த மூலையில் விரிப்பு இரண்டு ஆள் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. அதன் கீழே மண் கருப்பாக ஊறிக் கிடந்தது. அந்த மண்ணைத் தோண்டி அப்புறப்படுத்தவும், புது விரிப்பு போடவும், குட்டையைச் சுற்றி மூன்று கண்காணிப்புக் குழாய்கள் இறக்கவும், அதுவரை அக்காவின் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஆலையே தண்ணீர் கொடுக்கவும் ஏற்பாடானது. வாத்துகளைத் திருப்பி எடுத்துக்கொள்ள மேனேஜருக்கு விருப்பமில்லை. பொறியாளர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். முட்டை பற்றிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

எனக்கு ஒரு மெமோ வந்தது. கிணறு என்று சீட்டில் எழுதித் தொட்டியில் எடுத்ததற்கு. விளக்கம் எழுதிக் கொடுத்தேன். பயம் என்று ஒரே காரணம்தான் எழுதினேன், அது உண்மை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்போதும் அங்கே போய் மாதிரி எடுக்கிறேன். மண்ணுக்குள் போனது அவ்வளவு சீக்கிரம் வெளியே வராது. கிணற்றை இறைத்து இறைத்து விட்டுப் பார்க்கிறார்கள். போன முறை முடிவுத் தாளை நானே எடுத்துக்கொண்டு போனேன். அக்கா தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். தாளைக் கையில் வாங்காமல், படித்துச் சொல்லுங்கள் என்றார். உப்பு இவ்வளவு, கரைந்திருப்பது இவ்வளவு என்று சொல்லிக்கொண்டு வந்தேன். பாதியில் நிறுத்தினார்.

"நல்லாருக்குதா, இல்லீங்களா?"

"நல்லா இல்லக்கா. ஆனா போன தடவைக்கு இப்ப கொஞ்சம் கொறைஞ்சிருக்கு."

அவர் ஒரு குச்சியை நட்டு, காலால் மண்ணை அணைத்து மிதித்தார்.

"அப்ப கொறைஞ்சிருக்குதுன்னே எழுதிக்கிங்க."

வண்டிக்கு வந்து உட்கார்ந்து, முடிவுத் தாளில் குறிப்பு என்ற இடத்தில் அப்படியே எழுதினேன்.